கடலை வினவிய அறிஞர்

நிலத்தில் வழி தவறியவன், எதிர்ப்படும் ஒருவரை வினவி வழி அறிந்துகொள்ளலாம். கடலில் வழி தவறியவன் யாரை வினவுவான்? பகலில் கதிரவனும் இரவில் விண்மீன்களும் அவனுக்குத் திசை காட்டும். கரையருகே கலங்கரை விளக்கம் ஒளி காட்டி எச்சரிக்கும். ஆனால், மூடுபனி கவிந்துவிட்டால் இவை யாவும் மறைந்தொழியும். நடுக்கடலில் செல்லும் கப்பலுக்கு மூடுபனியால் நேரும் இடர் சிறிது. கரையை நெருங்கும் கப்பலுக்கோ அது மிகப் பெரிது. மணல்திட்டும் மறைபாறையும் மலிந்து கிடப்பது ஆழங்குறைந்த கரையோரக் கடலிலே அன்றோ?

பண்டுதொட்டு மாலுமிகள் இவ்விடரை வெல்லக் கையாண்டது, கயிற்றில் கட்டிய ஈயக் குண்டே ஆகும். அதனைக் கடலில் இறக்கி, கயிறு எத்தனை பாகம் சென்றது என்று கணக்கிடுவர். இரு கைகளையும் அகல விரித்தால் அமையும் நீளம் ஒரு பாகம். அஃது ஏறத்தாழ 6 அடி. இக்குண்டு கப்பலுக்கு நேர்கீழே உள்ள ஆழத்தை அறிவிக்குமேயன்றி, முன்னே நிற்கும் பாறையை அறிவியாது. அதனை இறக்கி ஏற்றவும் நேரம் பிடிக்கும். கப்பலில் இருந்தபடியே கடலை வினவவும், அது தரும் மறுமொழியைச் சில நொடிகளில் கேட்கவும் வழி கண்ட அறிஞருள் முன்னணியில் நிற்பவர் ரெஜினால்டு பெசன்டன். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இளமையும் கல்வியும்

பெசன்டன் 1866ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள், கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்திலுள்ள கிழக்குப் போல்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமய குரு. குடும்பம் செல்வம் மிக்கதன்று. கல்வியே அக்குடும்பத்தின் செல்வமாக இருந்தது. கணிதத்தில் பெசன்டனுக்கு இயல்பாகவே நாட்டம் மிகுந்திருந்தது. லெனாக்சுவில் என்னும் ஊரிலிருந்த பிசப்பு கல்லூரியில் தாம் கற்கும்போதே, இளைய மாணவர்க்குக் கணிதம் கற்பிக்கும் பொறுப்பும் அவருக்கு வாய்த்தது. எனினும், பட்டம் பெறுமுன்னரே அவர் கல்லூரியை விட்டு நீங்கினார். அட்லாண்டிக் மாகடலிலுள்ள பெர்முடாத் தீவுக்குச் சென்று ஆசிரியப் பணி ஏற்றார். பிற்காலத்தில் தம் வாழ்க்கைத் துணைவியாக அமைந்த எலன் அம்மையாரை அவர் கண்டது அத்தீவிலேதான்.

நூல்களும் அறிவியல் இதழ்களும் அவருடைய உள்ளத்தில் மின்னியல் ஆர்வத்தை மூட்டின. அக்காலத்தில் மின்னியல் என்றவுடன் எவர்க்கும் நினைவில் எழுந்த பெயர் எடிசன் என்பதே. பெசன்டன் நியூயார்க்கு நகரம் சென்று அவரிடம் வேலை வேண்டினார். தமக்கு மின்னியல் தெரியாது என்பதை மறையாமல் தெரிவித்தார். விரைவில் கற்றுக்கொள்ள இயலும் என்பதையும் தெரிவித்தார். முதலில் வேலை கிட்டவில்லை. ஆயினும் அவர் சோர்ந்து திரும்பினாரல்லர். 1886ஆம் ஆண்டு, தெருவின் அடியில் மின்கம்பி பதிக்கும் இடத்தில் ஓர் எளிய வேலையில் அமர்ந்தார். அவருடைய திறமை விரைவில் வெளிப்பட்டது. எடிசனின் ஆய்வுக்கூடத்திலேயே இடம் கிடைத்தது. ஆங்கே வேதியியல் ஆய்வுகளில் ஈடுபட்டுச் சில ஆண்டுகள் அரும்பயிற்சி பெற்றார். 1890ஆம் ஆண்டு பொருள்முடை காரணமாக ஆய்வுக்கூடத்தில் ஆட்குறைப்பு நேர, அவர் வேலை இழந்தார். எனினும் அங்கே பெற்ற பயிற்சி வீண்போகவில்லை. பட்டம் பெறாத அவரையே 1892ஆம் ஆண்டில் பர்டியூ பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டில் பிட்சுபர்க்கு நகரத்துப் பல்கலைக்கழகமும் மின்பொறியியல் பேராசிரியராக ஏற்றன.

காற்றின் வழியே குரல்

அந்நாளில் மார்க்கோனி முதலியோர் கம்பியில்லாத் தந்தி அனுப்பும் முறையை நிறுவிக்கொண்டிருந்தனர். அம்முறையில் மின்பொறி ஒவ்வொன்றும் ஓர் அலைத்துடிப்பை எழுப்பும். அஃது உடனே அடங்கிவிடும். பறையின் மீது கோல் விழுந்தவுடன் எழுந்து ஓயும் ஓசையை அஃது ஒத்தது. புள்ளியும் கோடுமாகிய தந்திக் குறிகளை அனுப்ப அது போதுமானது. மனிதக் குரலைச் சுமந்து செல்லப் போதாது. நாகசுரத்துக்குத் துணையாக ஒத்து இடையறாது ஒலிப்பதுபோல, அற்றுப் போகாமல் தொடர்ந்து செல்லும் அலையே குரலைத் தாங்கிச் செல்ல வல்லது எனப் பெசன்டன் தெளிந்தார். இவ்வொரு கருத்தே அவருடைய வாழ்நாள் உழைப்புக்கெல்லாம் வேராக அமைந்தது.

1900ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 23ஆம் நாள், அமெரிக்காவின் பொட்டோமாக்கு ஆற்றிலுள்ள காபுத் தீவில், ஒரு மைல் தொலைவில் நின்ற இரண்டு கோபுரங்களுக்கு இடையே அவர் கம்பியின்றிப் பேசிக் காட்டினார். அங்கே பனி பெய்கிறதா என்று அவர் தம் துணைவரை வினவினார். குரல் இரைச்சலோடு கலந்திருந்தது. எனினும் பொருள் விளங்கிற்று. பின்னர்ச் செல்வர் இருவரின் பொருளுதவியோடு ஒரு நிறுவனம் அமைத்து, மாசசூசெட்சு மாநிலத்துக் கடற்கரையில் பிராண்டு ராக்கு என்னும் இடத்தில் பெரிய நிலையம் ஒன்றை எழுப்பினார். 1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிலையத்துக்கும் சுகாட்லாந்து நாட்டு நிலையத்துக்கும் இடையே, மாகடலைக் கடந்து இருவழித் தந்திச் செய்திகள் சென்று வந்தன. அவ்வாண்டு இறுதியில் புயற்காற்று சுகாட்லாந்துக் கோபுரத்தைச் சாய்த்தது. எனினும் அதே டிசம்பர்த் திங்களில் பிராண்டு ராக்கில் கம்பியில்லாத் தொலைபேசியைப் பலர் காண இயக்கிக் காட்டினார். கிறித்துமசுக்கு முந்திய இரவில் கடலில் சென்ற கப்பல்களுக்கு இசையும் பேச்சும் ஒலிபரப்பியதாகவும் ஒரு செய்தி உண்டு. அஃது அவரே 1932ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தால் அறியப்படுவது.

இத்துணைப் புகழுக்குப் பின்னரும் அவருக்கு அமைதி வாய்க்கவில்லை. அவர் எளிதில் சினம் கொள்பவர். தம் கருத்தை விட்டுக்கொடாதவர். பொருளுதவி செய்த செல்வர்களோடு பிணக்கு முற்றியது. 1911ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தம் அறிவால் உருவாகிய நிறுவனத்திலிருந்தே அவர் நீக்கப்பெற்றார். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. அறிவாற்றல் எத்துணை மிகுந்திருப்பினும், பிறரோடு ஒத்துச் செல்லும் பண்பு குறைந்தால் இடர் நேரும் என்பதை அவருடைய வாழ்வின் இப்பகுதி நமக்கு உணர்த்துகிறது. ஆயினும், வீழ்ந்த இடத்திலேயே கிடந்து வருந்துவது அவர் இயல்பன்று. காற்றின் வழியே செய்தி அனுப்பியவர், அடுத்து நீரின் வழியே செய்தி அனுப்ப முனைந்தார்.

நீரினுள் ஒலி

நீரினுள் ஒலி செல்லும் என்பது முன்னரே அறிந்த செய்தி. 1826ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் கொலாடன் என்பார், செனீவா ஏரியில் மணி ஒன்றை நீரினுள் அமிழ்த்தி அடிக்கச் செய்து, ஒலியின் வேகத்தை அளந்தார். அது வினாடிக்கு 1,435 மீட்டர் என்று அவர் கண்டார். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே. ஆகவே, நீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது என்பது புலனாயிற்று.

காற்றில் செல்லும் ஒலியை மாலுமிகள் முழுதும் நம்ப இயலாது. 1873ஆம் ஆண்டில் தின்டால் என்னும் அயர்லாந்து நாட்டு அறிஞர், டோவர்த் துறைமுகத்தின் அருகே மூடுபனிக் கொம்புகளை ஊதச் செய்து ஆராய்ந்தார். ஒரு நாள் நெடுந்தொலைவு கேட்கும் கொம்பொலி, மறுநாள் அண்மையிலேயே கேளாதொழிவதை அவர் கண்டார். வெப்பமும் ஈரமும் மாறுபட்ட காற்றடுக்குகள் ஒலியை வழிமறிப்பதே அதற்குக் காரணம் என்று அவர் உரைத்தார். நீரோ இங்ஙனம் நொடிக்கு நொடி மாறுவதன்று. ஆதலின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாசுடன் நகரத்தில் தோன்றிய நீரடி ஒலிக்குறி நிறுவனம், விளக்குக் கப்பல்களின் அடியில் மணிகளைத் தொங்கவிட்டது. கலங்கரை விளக்கம் கட்ட இயலாத மணல்திட்டுகளின் அருகே நங்கூரமிட்டு நிறுத்தப்பெற்றவையே விளக்குக் கப்பல்கள். மூடுபனிக் காலத்தில் அம்மணிகள் நீரினுள் ஒலிக்கும். கடலில் வரும் கப்பலின் உட்புறத்தில், இடப்பக்கமும் வலப்பக்கமும் நீர்த்தொட்டிகளில் ஒலிவாங்கிகள் பொருத்தப்பட்டிருக்கும். எப்பக்கத்து ஒலி மிகுதியாகக் கேட்கிறதோ அப்பக்கத்தில் மணி உள்ளது என்று மாலுமி அறிந்துகொள்வான்.

இம்முறை மிகவும் பயன்பட்டது; எனினும் ஒரு பெருங்குறை இருந்தது. மணி கட்டிய இடத்தையே அது காட்டும். மறைபாறை தன் கழுத்தில் மணி கட்டிக்கொண்டு நிற்பதில்லை. மிதந்து வரும் பனிமலையும் மணி அடித்துக்கொண்டு வருவதில்லை. 1912ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 14ஆம் நாள் இரவில், டைட்டானிக்கு என்னும் பெருங்கப்பல் பனிமலை ஒன்றில் மோதியது. சில மணி நேரத்தில் அது மூழ்க, ஏறத்தாழ 1,500 பேர் உயிர் இழந்தனர். உலகமே திடுக்குற்றது. தானாக ஒலிக்காத பொருளையும் ஒலியால் கண்டுகொள்ள வழியுண்டா என்னும் வினா அறிஞர்களின் உள்ளத்தில் எழுந்தது. இங்கிலாந்தில் இரிச்சர்ட்சன், செருமனியில் பேம் முதலியோர் எதிரொலியைக் கொண்டு இடர் அறியும் முறைகளுக்குக் காப்புரிமை வேண்டினர். பெசன்டன் அவ்வாண்டில் பாசுடன் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து, அதற்கு வேண்டிய கருவியைப் படைக்கத் தொடங்கினார்.

பெசன்டன் அதிர்வி

மணியின் ஒலி எழுந்து அடங்குவது. மின்பொறியின் அலையைப் போன்றது. அதனைக் கொண்டு நீரினுள் தந்திக் குறிகளை விரைந்து அனுப்ப இயலாது. காற்றில் கண்ட தம் பழைய கருத்தையே பெசன்டன் நீரிலும் பொருத்திப் பார்த்தார். விட்டு விட்டு ஒலிக்கும் மணிக்கு மாறாக, வேண்டும் அளவு நீட்டவும் வேண்டும்போது நிறுத்தவும் இயலும் ஒரே சுருதியை நீரினுள் எழுப்ப அவர் விழைந்தார். அதற்கென மின்னோட்டத்தால் அதிரும் கருவி ஒன்றை அமைத்தார். வலிய காந்தத்தின் இடைவெளியில் செப்புக் குழல் ஒன்று நின்றது. மாறும் மின்னோட்டம் பாயுந்தோறும் அக்குழல் முன்னும் பின்னும் அசையும். அதனோடு பிணைத்த எஃகுத் தகடு, நீரைத் தட்டி ஒலி எழுப்பும். அத்தகடு வினாடிக்கு 540 முறை அதிர்ந்தது.

இக்கருவியின் பெருஞ்சிறப்பு யாதெனில், வாயும் செவியும் அதற்கு ஒன்றே. மின்சாரத்தை ஒலியாக்கி அனுப்பிய அதே தகடு, திரும்பி வரும் ஒலியால் தானே அதிர்ந்து, அவ்வொலியை மின்சாரமாக்கித் தரும். ஆகவே, ஒரே கருவியால் வினவவும் விடை கேட்கவும் முடிந்தது. அறிவியல் உலகம் இதனைப் பெசன்டன் அதிர்வி என்று வழங்கிற்று.

பனிமலை தந்த மறுமொழி

கருவியைக் கடலிலே தேர்ந்து பார்க்கும் காலம் வந்தது. நியூபவுண்டுலாந்து என்னும் பெருந்தீவின் தென்கிழக்கே, கடலின் அடியில் பரந்த மேடு ஒன்று உண்டு. அங்கே கடலின் ஆழம் குறைவு. மீன்வளமும் மூடுபனியும் மிகுதி. வடக்கேயிருந்து பனிமலைகள் மிதந்து வரும் வழியும் அதுவே. 1914ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்களில், பனிமலைகளைக் கண்காணிக்கும் பணியில் இருந்த மயாமி என்னும் அமெரிக்க அரசுக் கப்பலில், பெசன்டன் தம் உதவியாளரோடு அங்குச் சென்றார்.

450 அடி நீளமும் 130 அடி உயரமும் உடைய பனிமலை ஒன்று எதிர்ப்பட்டது. கப்பல் அதனருகே நின்றது. நீரினுள் இறக்கிய அதிர்வி குரல் கொடுத்தது. சிறிது நேரம் கழிந்து, பனிமலையில் பட்டுத் திரும்பிய எதிரொலி வந்து சேர்ந்தது. கப்பல் மெல்ல மெல்ல விலகிச் செல்லச் செல்ல, எதிரொலி வரும் நேரமும் நீண்டுகொண்டே சென்றது. இரண்டு மைல் தொலைவிலும் எதிரொலி கேட்டது. அத்தொலைவுக்குப் போய்த் திரும்ப ஒலிக்கு ஏறத்தாழ நாலரை வினாடி ஆகும். எதிரொலியால் கணித்த தொலைவும், தொலைவு அளக்கும் வேறு கருவியால் கண்ட தொலைவும் ஒத்திருந்தன. கருவியின் துணையின்றியே, கப்பலின் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள அறைகளில் இருந்த அலுவலர்களும் அவ்வெதிரொலியைத் தம் செவிகளால் கேட்டனர். பின்னர்க் கடும் பனிப்புயல் வீசவே, கப்பல் மீண்டும் அம்மேட்டுக் கடலை நாடி ஒதுங்க வேண்டியதாயிற்று.

அப்பயணத்தில் நிகழ்ந்த மற்றொரு சோதனை இன்னும் நுட்பமானது. ஒரு நாட்காலையில் கப்பல் 31 பாக ஆழத்தில் நங்கூரமிட்டு நின்றது. கடல் அமைதியாக இருந்தது. பெசன்டன் அதிர்வியை ஒலிக்கச் செய்து, கடலடியிலிருந்து வரும் எதிரொலியைக் கேட்டு ஆழத்தைக் கணித்தார். 36 பாகம் என்று விடை வந்தது. ஐந்து பாகம் பிழைதானே என்று நாம் எளிதாக எண்ணிவிடலாம். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 31 பாகம் என்பது 186 அடி. ஒலி கீழே சென்று மேலே வரக் கடக்கும் தொலைவு 372 அடி. குளிர்ந்த கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4,750 அடி. எனவே, எதிரொலி திரும்புவதற்கு ஒரு வினாடியில் 13இல் ஒரு பங்கு நேரமே ஆகும். ஐந்து பாகப் பிழை என்பது ஒரு வினாடியில் ஏறத்தாழ 80இல் ஒரு பங்கு நேரப் பிழையே! கண் இமைக்கும் நேரத்தினும் மிகச் சிறிய அந்நேரத்தை, அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு அவ்வளவு அண்மையாகக் கணித்தது வியப்பன்றோ? கப்பல் தலைவரும் இக்கணிப்பு உண்மையை மிக நெருங்கியது என்றே தம் அறிக்கையில் குறித்தார்.

ஆழம் மிகுந்த இடத்தில் எதிரொலி வரத் தாமதமாகும். ஆதலின் நேரத்தை அளப்பது எளிது. ஆழங்குறைந்த இடத்திலோ எதிரொலி உடனே வந்துவிடும், அளப்பது அரிது. மாலுமிக்கு ஆழம் அறிய வேண்டிய தேவை மிகுந்திருப்பது எங்கேயோ, அங்கேதான் அளப்பதும் அரிதாக இருக்கிறது. இவ்வருமையை வெல்லப் பின்வந்தோர் நுட்பமான நேரமானிகளை அமைத்தனர்.

கரையோரக் கடலின் இயல்பு

கரையோரக் கடலில் ஒலி செல்லும் வகையைப் பற்றி இன்று நாம் அறிந்துள்ள உண்மைகள் பல. ஆழ்கடல் ஒரு பெருவெளி என்றால், கரையோரக் கடல் தாழ்ந்த கூரையுடைய நீண்ட இடைகழி போன்றது. கடலின் மேற்பரப்பு அதன் கூரை. கடலடி அதன் தரை. ஒலி கூரையில் பட்டுத் தரைக்கும், தரையில் பட்டுக் கூரைக்கும் மாறி மாறித் தாவிச் செல்லும். தரை கடும்பாறையாயின் ஒலியின் பெரும்பகுதி திரும்பும். மென்சேறாயின் ஒலியின் பெரும்பகுதி உள்ளே அமிழ்ந்து போகும். மணற்பரப்பு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கூரையாகிய மேற்பரப்பு அலைகளால் கொந்தளிக்குமாயின், ஒலி சிதறுண்டு வலி குன்றும். ஒரே ஒலி பல வழிகளில் தாவி வெவ்வேறு நேரங்களில் வந்து சேர்வதால், ஒரு குரல் பல குரலாகக் குழம்பிக் கேட்பதும் உண்டு.

நீரின் வெப்பமும் ஒலியின் வழியை மாற்றும். வெந்நீரில் ஒலி விரைந்து செல்லும். தண்ணீரில் மெல்லச் செல்லும். செல்லும் ஒலி எப்போதும் வேகம் குறைந்த பக்கமாகவே வளையும். கோடையில் மேல்நீர் வெப்பமுற்றும் கீழ்நீர் குளிர்ந்தும் இருத்தலின், ஒலி கீழ்நோக்கி வளைந்து அடிக்கடி கடலடியில் மோதி வலியிழக்கும். குளிர்காலத்தில் நீர் மேலும் கீழும் கலந்து ஒரே வெப்பநிலையில் இருக்குமாயின், ஒலி நெடுந்தொலைவு செல்லும். ஆகவே, ஒரே இடத்தில் ஒரே கருவி, கோடையில் ஒருவகையாகவும் குளிர்காலத்தில் வேறுவகையாகவும் பயன்தரக் காண்கிறோம்.

சுருதிக்கும் ஆழத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒலியின் அலைநீளத்தைவிட நீரின் ஆழம் மிகக் குறைந்தால், அவ்வொலி அவ்விடைகழியில் நெடுந்தொலைவு செல்ல இயலாது. பெசன்டன் எழுப்பிய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 9 அடி. கப்பல் நின்ற இடத்தின் ஆழமோ 186 அடி. எனவே அவ்வொலி தடையின்றிச் சென்றது. இத்தொடர்பையெல்லாம் கணித முறையால் தெளிவாக விளக்கிய பெக்கரிசு என்னும் அறிஞரின் ஆய்வு, 1948ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. பெசன்டன் கடலில் கேட்ட மறுமொழியின் முழுப்பொருள், அவர் மறைந்து 16 ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கிற்று எனலாம்.

போரும் அமைதியும்

மயாமிக் கப்பல் கரை திரும்பிய சில திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. பனிமலையைக் கண்டறியப் பிறந்த கருவி, போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்கள் நீரினுள்ளேயே ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளப் பெசன்டன் அதிர்வி பயன்பட்டது. பிரான்சு நாட்டில் இலாங்குவான் என்னும் அறிஞர், மனிதச் செவிக்கு எட்டாத மிக உயர்ந்த சுருதியைப் படிகக்கல்லால் எழுப்பி, மறைந்திருக்கும் நீர்மூழ்கிகளைக் கண்டறியும் முறையை வளர்த்தார். அம்முறையினும் கரையோரக் கடல் இடர் விளைத்தது. கடலடியிலிருந்தும் மணல்திட்டிலிருந்தும் திரும்பும் எண்ணற்ற எதிரொலிகளுக்கு இடையே, நீர்மூழ்கியின் எதிரொலியைப் பிரித்தறிவது, சந்தை இரைச்சலில் ஒருவர் குரலைத் தேர்ந்தறிவது போன்றதாயிற்று.

போர் ஓய்ந்தபின் அக்கருவி தன் பிறவிப் பணிக்கு மீண்டது. 1920க்குப் பிந்திய ஆண்டுகளில் பாசுடன் நிறுவனம், எதிரொலியால் ஆழம் காட்டும் கருவிகளைக் கப்பல்களில் பொருத்தியது. கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடலின் ஆழம் கண்முன்னே தெரிந்தது. ஈயக் குண்டு மெல்ல மெல்ல ஓய்வு பெற்றது. கடலில் உயிர் காக்கும் இப்பணியைப் பாராட்டி, 1929ஆம் ஆண்டில் சயண்டிபிக்கு அமெரிக்கன் என்னும் அறிவியல் இதழ் பெசன்டனுக்குப் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அதற்கு முந்திய ஆண்டில், நெடுங்காலம் நடந்த வானொலிக் காப்புரிமை வழக்கும் உடன்பாட்டில் முடிந்து, அவருக்கு உரிய பொருள் ஓரளவு கிடைத்தது.

உடல்நலம் குன்றிய பெசன்டன், இளமையில் ஆசிரியராக வாழ்ந்த பெர்முடாத் தீவுக்கே மனைவியாருடன் திரும்பினார். 1932ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். நாற்புறமும் கடல் சூழ்ந்த அத்தீவிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பெற்றது. எலன் அம்மையார் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு 1940ஆம் ஆண்டில் வெளிவந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

இன்று நம் நாட்டுத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் விசைப்படகுகள் பலவற்றிலும் எதிரொலிக் கருவி உண்டு. கடலடியின் ஆழத்தையும் மீன்திரள் நிற்கும் இடத்தையும் அது காட்டுகிறது. அதனைப் பயன்படுத்தும் மீனவருள் பெசன்டனின் பெயரைக் கேட்டறிந்தவர் சிலரே ஆவர். தம் பெயர் மறைந்து தம் பணி நிலைப்பது, அறிஞர்க்கு வாய்க்கும் பேறுகளுள் ஒன்று.

அதே வேளையில், கடலில் நாம் எழுப்பும் ஒலி எல்லையின்றிப் பெருகிவிட்டது என்பதையும் இன்றைய ஆய்வாளர் எடுத்துரைக்கின்றனர். திமிங்கிலமும் ஓங்கிலும் ஒலியைக் கொண்டே இரை தேடுகின்றன; ஒலியைக் கொண்டே தம் இனத்தோடு உறவாடுகின்றன. கப்பல்களின் இரைச்சல் அவற்றின் வாழ்வைக் குலைக்கிறது. கடலை வினவக் கற்ற மனிதன், கடலில் அடக்கமாகப் பேசவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெசன்டனின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. காற்றில் கண்ட உண்மையை நீரிலும் பொருத்திப் பார்க்கும் அறிவு, அவருடைய முதற்சிறப்பு. ஒரு துறையில் கதவு அடைபட்டபோது மனம் தளராமல் மற்றொரு துறையில் உழைத்த ஊக்கம், இரண்டாவது சிறப்பு. அவருடைய சினத்தை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அவருடைய உழைப்பைப் பின்பற்றினால் போதும். இயற்கையை முறையறிந்து வினவுவோர்க்கு அது மறுமொழி தரத் தவறுவதில்லை. அம்மறுமொழி 31க்கு 36 எனச் சிறிது பிழைபட வந்தாலும், பொறுமையோடு மீண்டும் மீண்டும் கேட்போர்க்கு உண்மை ஒருநாள் தெளிவாகப் புலப்படும்.